கரும்பாயி ஒளித்துவைத்த வாசல்

குளத்தின் கீழ்க்கரையில், உடைமரக் காடு முடிந்து செம்மண் மேடு தொடங்கும் இடத்தில், கரும்பாயி என்ற பெருச்சாளி வாழ்ந்துவந்தாள். வளை தோண்டுவது அவள் தொழில். தனக்கு வளை தோண்டிக்கொள்ளாத பெருச்சாளி உலகில் இல்லை. கரும்பாயியோ ஊருக்கே தோண்டிக் கொடுத்தாள். வயல் எலிகளுக்குக் குடும்ப வளை, முயல்களுக்கு மழைக்கால வளை, மூஞ்சூறுகளுக்கு ஒற்றையறை வளை என்று கேட்டவர்க்குக் கேட்டபடி. கூலியாகக் கிழங்கும் தானியமும் அவள் வாசலுக்கு வந்து சேரும்.

அவள் தோண்டிய வளைக்குள் மழைநீர் புகுந்ததில்லை. பாம்பு புகுந்ததுண்டு, ஆயினும் குடியிருந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். ஏனென்றால் அவளுடைய வளை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஒளிவாசல் உண்டு. உள்ளறையின் மூலையிலிருந்து மேல்நோக்கி ஒரு குறுகிய வழி போகும். அதன் முடிவில் மெல்லிய மண்மூடி. வெளியிலிருந்து பார்த்தால் வெறுந்தரை. உள்ளிருந்து மூக்கால் ஓங்கி முட்டினால் பொலபொலவென்று உதிர்ந்து வழிவிடும். மூடி தடித்துவிட்டால் உடையாது. மெலிந்துவிட்டால் ஆட்டின் குளம்பு பட்டே உடைந்துபோகும். அந்தப் பதம் இரு கரையிலும் கரும்பாயி ஒருத்திக்குத்தான் தெரியும்.

தெரிந்ததை அவள் எவருக்கும் காட்டியதில்லை. வளை முடியும் நாளில் சுற்றி நிற்பவர்களை எல்லாம் விரட்டிவிடுவாள்.

"கண்திறப்பு நடக்கப்போகுது. சிலைக்குக் கண் திறக்கையில குறுக்க யாராச்சும் நிப்பாகளா? நின்னா வளை இடிஞ்சுபோகும். போங்க, போங்க" என்பாள்.

எல்லோரும் பயபக்தியோடு விலகிப் போவார்கள். கரும்பாயி உள்ளே போய், ஒரு மந்திரமும் சொல்லாமல், மூச்சிரைக்க ஒளிவாசலைத் தோண்டுவாள். குடிவருகிறவர்களிடம் மட்டும் காதோடு விஷயத்தைச் சொல்லி, வெளியே சொல்ல மாட்டோம் என்று மண்ணைத் தொட்டுச் சத்தியம் வாங்கிக்கொள்வாள். அவர்களும் காப்பாற்றினார்கள். உயிரைக் காக்கும் இரகசியத்தை எவன் உளறுவான்?

ஆண்டுகள் போகப் போக வேலை பெருகியது. கரும்பாயியின் இடுப்பு ஒடுங்கவில்லை, ஆனால் வலிக்கத் தொடங்கியது. கடந்த ஐப்பசியில் பாதிப் பேருக்குத்தான் மழைக்கு முன் வளை கொடுக்க முடிந்தது. மற்றவர்கள் நனைந்தார்கள்; நனைந்தவர்கள் திட்டினார்கள். "கைக்கு ஆள் கிடைக்கலையே" என்று கரும்பாயி புலம்பினாள்.

ஆள் கிடைக்காமலில்லை. ஒரு வயல் எலிப் பையன் வந்துதான் நின்றான்.

"முன்ன எங்கயாச்சும் வளை தோண்டியிருக்கியா?" என்று கேட்டாள் கரும்பாயி.

"இல்ல, அத்தை."

"அப்ப அனுபவம் இல்ல."

"வேலை குடுத்தாத்தான அனுபவம் வரும்?"

"அனுபவத்தோட வா, வேலை தாரேன்."

பையன் தலையைச் சொறிந்துகொண்டு போனான். அனுபவத்தை எந்தப் புதரில் பொறுக்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. சொன்ன கரும்பாயிக்கும் தெரியாது.

கோடையில் காட்டுப் பஞ்சாயத்து கூடியது. பஞ்சாயத்துத் தலைவராக, அதாவது அம்பலமாக, இருந்தவர் நத்தைகுத்தி நாரை. அவருடைய அலகின் இரு பாதியும் நடுவில் ஒட்டுவதில்லை. மூடினாலும் ஓர் இடைவெளி தெரியும். ஆகையால் அவர் பேச்சை முடித்துவிட்டாரா, மூச்சு வாங்குகிறாரா என்று எவராலும் சொல்ல முடியாது. எல்லோரும் அடக்கமாகக் காத்திருப்பார்கள்.

"இந்தப் பக்கம் பாத்தா தொழில் தெரியாம சும்மா சுத்துத குட்டிக. அந்தப் பக்கம் பாத்தா ஆள் இல்லைன்னு அழுத தொழில்காரங்க. ரெண்டு பேரும் ஒரே குளத்துலதான் தண்ணி குடிக்கீங்க. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்ததே இல்லியா?" என்றார் அம்பலம்.

பிறகு தம் ஏற்பாட்டைச் சொன்னார். தொழில் உள்ளவர் ஒவ்வொருவரும் ஓர் இளசைப் பழகுநராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கோடை தொடங்கி அடுத்த கோடை வரை பழக்க வேண்டும். பழகுநரின் இரையில் பாதியைப் பஞ்சாயத்துக் களஞ்சியம் தரும். மீதியைத் தொழில்காரர் தர வேண்டும்.

"மண்ணு சுமக்கவும் எச்சில் பொறுக்கவும் மட்டும் வச்சுக்கிட்டா அது பழக்குறது ஆகாது. தொழிலச் சொல்லிக்குடுக்கணும். முழுசா."

கரும்பாயி எழுந்தாள். "நான் சொல்லிக்குடுப்பேன். அது கத்துக்கிட்டு எதிர்க்கரையில போய் உக்காந்துக்கிடும். எனக்கு நானே குழி தோண்டிக்கிடணும்னு சொல்லுதீங்களா, அம்பலம்?"

"குழி தோண்டுறதுதான உன் தொழில், மதினி" என்றது மரக்கிளையிலிருந்த மீன்கொத்தி.

கூட்டம் சிரித்தது. கரும்பாயி சிரிக்கவில்லை, உட்கார்ந்து யோசித்தாள். அரை வயிற்று இரைக்கு இரண்டு முன்னங்கால்கள் கிடைக்கின்றன. அதிலும் முள்ளெலி இனத்தில் ஒரு குட்டியை எடுத்துக்கொண்டால் கிழங்குச் செலவும் இல்லை. முள்ளெலிக்கு வண்டும் புழுவும் போதும். வளை தோண்டுகிற மண்ணில் அவை தானாகக் கிடைக்கும். கற்றுக்கொடுப்பதைப் பொறுத்தவரை, ஒளிவாசலைத் தவிர மற்றதெல்லாம் கொடுக்கலாம். அதற்குத்தான் கண்திறப்பு இருக்கிறதே.

"சரி, ஒரு முள்ளெலியத் தாங்க" என்றாள், ஏதோ பெரிய மனது பண்ணுகிறவளைப் போல.

இப்படி வந்து சேர்ந்தாள் பேச்சி. வந்த அன்று "ஏட்டி, வா" என்று கரும்பாயி அதட்டியதும் முள்பந்தாகச் சுருண்டுவிட்டாள்.

"நான் கூப்பிட்டது வேலைக்கு. விளையாடுததுக்கு இல்ல" என்றாள் கரும்பாயி.

பந்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "பயந்தா இப்படித்தான் ஆகிரும், அத்தை. கொஞ்சம் பொறுங்க. தானா விரிஞ்சிருவேன்."

"மழைக்கு முன்ன விரிஞ்சிருவியா?"

பந்து மெல்ல விரிந்தது. நடுவிலிருந்து ஒரு கூர்மூக்கும், தவறாமல் எல்லாவற்றையும் பார்த்துவிடும் இரண்டு கண்களும் வெளிவந்தன.

பேச்சிக்கு இந்தத் தொழில் வெறும் இரைக்கான வழியாக இருக்கவில்லை. அவளுடைய குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பிறர் விட்டுப்போன பொந்துகளில் ஒண்டிக்கொண்டிருந்தது. கடந்த ஐப்பசியில் அப்படி ஒண்டிய பொந்து ஒன்றில் தண்ணீர் ஏறி, பேச்சியின் தம்பி ஒருவன் போய்விட்டான். மீதமிருந்த இரண்டு தம்பிகளுக்கும் தாய்க்கும் அடுத்த மழைக்குள் ஒரு நல்ல வளை வேண்டும். முதல் வாரத்திலேயே இதைக் கரும்பாயியிடம் சொல்லிவிட்டாள். கரும்பாயி அன்று தனக்குக் கிடைத்த கொழுத்த புழுவைப் பேச்சியின் பக்கம் தள்ளிவிட்டாள்.

"எனக்குப் பிடிக்காது. அதனாலதான்" என்றும் சொன்னாள். கேட்காமலே.

கரும்பாயி கற்றுக்கொடுத்தாள். மண்ணை மோந்து, அடியில் ஈரம் எவ்வளவு என்று அறிவது எப்படி; வாசலிலிருந்து கொஞ்சம் இறங்கி, பிறகு ஏறினால்தான் மழைநீர் உள்ளறைக்கு வராது; வெளியே தள்ளிய மண்ணைக் குவித்துவைத்தால் கீரி பார்த்துவிடும், பரப்பிவிட வேண்டும். பேச்சி தவறு செய்தாள். கரும்பாயி வாய் வலிக்கத் திட்டினாள். "உன் கையென்ன கையா, கரண்டிக்காம்பா?" என்பாள். மறுநாள் அந்தத் தவறு இருக்காது. புதிதாக ஒன்று இருக்கும்.

முட்களால் தொந்தரவும் இருந்தது. குறுகிய வழியில் பேச்சி திடீரென்று நின்றால் பின்னால் வரும் கரும்பாயியின் மூக்கு கிழியும். "இனிமே நீ எனக்குப் பின்னாலதான் வரணும்" என்று சட்டம் போட்டாள் கரும்பாயி. பிறகு பின்புறம் கிழிந்தது. அந்தச் சட்டம் இரத்தாயிற்று.

ஆனால் அதே முட்கள் வேறு வகையில் உதவின. உள்ளறைக்குப் புல் விரிக்க வேண்டியபோது, பேச்சி காய்ந்த புல்லின்மேல் ஒரு முறை உருண்டாள். எழுந்தபோது நடமாடும் வைக்கோல் போராக இருந்தாள். கரும்பாயி வாயால் கவ்விக் கவ்விச் சுமந்தால் ஒரு பகல் பிடிக்கும் வேலை, ஒரு நாழிகைக்குள் முடிந்துவிட்டது.

இன்னொன்றும் நடந்தது. கரும்பாயி வாடிக்கையாளரிடம் பேசுகிறவள் அல்லள். அளவு கேட்பாள், கூலி கேட்பாள், தீர்ந்தது. பேச்சியோ கேள்வி கேட்பாள். "பெரியவங்களுக்கு முழங்கால் வலியா? அப்ப இறக்கத்தைக் குறைச்சிரலாமா?" "குட்டிக எத்தனை? அவுகளுக்குத் தனி அறை வேணுமா?" கேட்டதைக் கரும்பாயியிடம் வந்து சொல்வாள். தோண்டி முடித்த வளை பொருந்தி அமையும். பொருந்தியவர்கள் நான்கு பேரிடம் சொல்வார்கள். ஆடி பிறப்பதற்குள், இரண்டு ஆண்டு வேலை அந்த ஒரே கோடையில் வந்து நின்றது. வேலையைப் பேச்சி பகிர்ந்துகொண்டதால், கரும்பாயி நெடுநாளைக்குப் பிறகு மதிய வேளையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். எதிரே உட்கார்ந்து வண்டு தின்னும் ஓர் உருவத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவது நன்றாயிருந்தது. அதை அவள் தன்னிடமே ஒப்புக்கொள்ளவில்லை.

ஒன்றில் மட்டும் அவள் மாறவில்லை. ஒவ்வொரு வளையும் முடியும் நாளில், "புல் பொறுக்கிட்டு வா. கண்திறப்பு இருக்கு" என்று பேச்சியை அனுப்பிவிடுவாள்.

"நானும் இருந்து பாத்தா என்ன அத்தை? நான் இந்த வேலையிலதான இருக்கேன்?"

"வளை இடிஞ்சுபோகும்னு சொன்னேன்லா?"

பேச்சி அதை முழுதாக நம்பினாள். நம்பியதோடு நிற்கவில்லை. வேடிக்கை பார்க்க வரும் குட்டிகளை அவளே தள்ளி நிறுத்தினாள். "அத்தை கண் திறக்காக. தூரப் போங்க. வளைக்கு ஆகாது." அவள் குரலில் இருந்த பெருமையைக் கேட்டால் கரும்பாயிக்கு என்னவோபோல் இருக்கும். ஒளிவாசலைச் சற்று வேகமாகத் தோண்டிவிட்டு வெளியே வந்துவிடுவாள்.

புரட்டாசியில் பேச்சி தன் வீட்டைத் தொடங்கினாள். வேலை இல்லாத பொழுதுகளில் மேட்டின் தென்புறத்தில், ஒற்றைப் பனைக்கு அருகே, தனியாகத் தோண்டினாள். ஐப்பசி பிறக்கும்போது வளை முடிந்திருந்தது.

"கண்திறப்பு எப்ப வச்சுக்கிடலாம், அத்தை?"

"நாள் பாக்கணும்."

"வர்ற வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிக்கிழமை எனக்கு ஆகாது."

ஆகாதது கிழமை இல்லை. பிறர் வீடென்றால், பேச்சியை அனுப்பிவிட்டு வேலையை முடிக்கலாம். இது பேச்சியின் வீடு. குடியிருக்கப்போகிறவளிடம் ஒளிவாசலைச் சொல்லாமல் இருக்க முடியாது. சொன்ன மறுகணமே, தோண்டத் தெரிந்த அந்தக் கண்கள் எல்லாவற்றையும் புரிந்துகொள்ளும். புரிந்துகொண்டால் கோடையில் எதிர்க்கரைக்குப் போய்விடுவாள். கரும்பாயி நாள் பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மழை நாள் பார்க்கவில்லை. ஒரு காலைப் பொழுதில் வானம் திரண்டுகொண்டு வந்தது. பேச்சியின் தாய் இரண்டு குட்டிகளையும் அழைத்துக்கொண்டு புது வளைக்குள் போய்விட்டாள். கண்திறப்பு அப்புறம் நடக்கட்டும், முதலில் பிள்ளைகள் நனையாமல் இருக்கட்டும் என்பது அவள் நியாயம். பேச்சி ஓடிவந்து கரும்பாயியை அழைத்தாள்.

"வீட்டுக்கு மொதல் விருந்தாளி நீங்கதான் அத்தை. அம்மா சீனிக்கிழங்கு தேடிக் கொண்டாந்து வச்சிருக்கா."

கரும்பாயி போனாள். உள்ளே நுழைந்ததும் அவள் மூக்கும் மீசையும் தானாகவே வேலை செய்தன. இறக்கம் சரி. ஏற்றம் சரி. சுவர் வழவழவென்று இருந்தது. உள்ளறை உலர்ந்து, புல் மெத்தென்றிருந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் இல்லை. அதற்குப் பொறுப்பு யாரென்று கரும்பாயிக்குத் தெரியும். கிழங்கைக் கடிக்காமல் ஓரமாக வைத்தாள். மழை விட்டதும் முதல் வேலையாகச் செய்துவிடலாம் என்று எண்ணிக்கொண்டாள்.

அப்போது வாசலின் வெளிச்சம் மறைந்தது.

"உள்ள யாரு இருக்கீங்க? வெளிய ஒரே ஈரமா இருக்கு. ஒதுங்க இடம் கிடைக்குமா?" என்றது ஒரு குரல். குரலுக்குப் பின்னால் ஒரு சாரைப்பாம்பு நீளமாக இறங்கிக்கொண்டிருந்தது.

தாயும் இரண்டு குட்டிகளும் பந்தாகச் சுருண்டார்கள். ஆனால் குட்டிகளின் முட்கள் இன்னும் இளசு. அவற்றைப் பாம்பு விழுங்கிவிடும். கரும்பாயிக்கோ முள் என்பதே கிடையாது. நல்ல சதை மட்டும் உண்டு. வாசல் ஒன்றுதான், அந்த வாசலில் பாம்பு.

"அத்தை, நீங்க பின்னால போங்க" என்றாள் பேச்சி. வழியும் உள்ளறையும் கூடும் இடத்துக்குப் போய், உள்ளே அடைந்து, சுருண்டாள். வழி அவள் கையால் அவள் அளவுக்குத் தோண்டியது. தக்கை வைத்ததுபோல் அடைத்துக்கொண்டது.

பாம்பு முட்டியது. "ஸ்ஸ்! யாரது? வீட்டுக்கு வந்தவனை முள்ளால குத்துறது என்ன பழக்கம்?"

பாம்பு இன்னும் ஓங்கி முட்டியது. பந்து கொஞ்சம் பின்னுக்கு வழுக்கியது.

கரும்பாயி சுவரில் பாய்ந்தாள். பற்களாலும் நகங்களாலும் கிழித்தாள். ஒரு சாண் போகுமுன் பனைவேர் தட்டியது. வேறிடம் கிழித்தாள். அங்கும் வேர். அவள் தோண்டாத வளை இது. இதன் மண் அவளுக்குத் தெரியாது. எப்படித் தோண்டுவது என்று அவளைப்போல் அறிந்தவர் இல்லை. எங்கே தோண்டுவது என்று அவள் அறியாள்.

"ஏட்டி பேச்சி! வேர் இல்லாத இடம் எங்க இருக்கு?"

பந்துக்குள்ளிருந்து குரல் அமுங்கி வந்தது. "இடது மூலை, அத்தை. அம்மா படுத்திருக்காள்லா, அதுக்கு மேல. பழைய கறையான் புத்து ஒண்ணு இருக்கு. மண்ணு பொடியா உதிரும்."

கரும்பாயி இடது மூலைக்குப் பாய்ந்தாள். மண் மாவாக உதிர்ந்தது.

"எதுக்கு அத்தை? இப்பவா கண்திறப்பு?"

கரும்பாயியின் வாயெல்லாம் மண். துப்பினாள். "கண்திறப்பும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. மந்திரம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. இது வாசலு. பின்வாசல். எல்லா வளையிலயும் வைப்பேன். உனக்கு மட்டும் மறைச்சேன்."

பந்து மறுபடி ஒரு விரற்கடை பின்னுக்கு வழுக்கியது.

"பாம்பு தள்ளுது அத்தை. கொஞ்சம் வெரசாத் தோண்டுங்க" என்றாள் பேச்சி.

கடைசி அடுக்கு உடைந்தது. மழைத்துளி முகத்தில் விழுந்தது. கரும்பாயி இரண்டு குட்டிகளையும் பந்தாகவே உருட்டி மேலே தள்ளினாள். தாய் பின்னால் ஏறினாள். அடுத்து ஏற வேண்டியவள் கரும்பாயி. ஏறினாள். மழையில் தலையை நீட்டினாள். உயிர் பிழைத்தது.

கீழே பேச்சி இருந்தாள். விரிந்தால் பாம்பு முகத்தைக் கடித்துவிடும். சுருண்டே இருந்தால் நடக்க முடியாது. அவளால் தானாக வர இயலாது.

கரும்பாயி திரும்பி இறங்கினாள். எதையும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இறங்கியிருக்க மாட்டாள் என்று பின்னாளில் அவளே சொன்னதுண்டு. வாயை அகலத் திறந்து, அந்த முள்பந்தை அப்படியே கவ்வினாள். உதடு, நாக்கு, அண்ணம் எங்கும் முள் ஏறியது. விடவில்லை. பின்னோக்கி இழுத்துக்கொண்டு மூலைக்கு வந்து, முட்டித் தள்ளி மேலே ஏற்றினாள். பாம்பின் தலை உள்ளறைக்குள் நுழைந்தபோது, பின்னங்கால்களால் கறையான் மண்ணை வாரி வாரி இறைத்தாள். பாம்பு கண்ணைச் சிமிட்ட முடியாமல் தடுமாறியது. பாம்புக்கு இமை இல்லை. அதற்குள் கரும்பாயி வெளியேறி, வழியை இடித்து மூடிவிட்டாள்.

அன்று எல்லோரும் கரும்பாயியின் வளையில் தங்கினார்கள். பேச்சியின் புது வீட்டில் பாம்பு தங்கியது. அந்த மழைக்காலம் முழுவதும் அது காலி செய்யவில்லை. தரை மெத்தென்றிருக்கிறது என்று பிறரிடம் சொல்லிக்கொண்டதாகவும் கேள்வி.

பேச்சியின் தாய் கரும்பாயியின் வாயிலிருந்து முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். கரும்பாயியால் பேச முடியவில்லை. அந்தக் கரையில் அது அரிய அமைதி.

பேச்சி ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்தபடியே சொன்னாள்: "எல்லாரையும் நான்தான அத்தை தள்ளி நிக்கச் சொன்னேன். கண்திறப்பு, பாக்கக்கூடாதுன்னு. நெசம்னு நம்பிச் சொன்னேன்."

திட்டியிருந்தால் கரும்பாயி திருப்பித் திட்டியிருப்பாள். அதற்கு அவளிடம் நிறைய இருந்தது. இப்போதோ, கடைசி முள்ளைப் பிடுங்கும்வரை காத்திருந்து, வீங்கிய வாயால் சொன்னாள்:

"நாளைக்கு உனக்கு வேற வீடு தொடங்குவோம். வேர் இல்லாத இடமாப் பாத்து. வாசல மொதல்ல தோண்டுவோம். பின்வாசல."

"எனக்குச் சொல்லிக்குடுத்தா நான் எதிர்க்கரைக்குப் போயிருவேன்னு பயந்தீகளா?"

"ஆமா."

"மேல்கரையில எங்க சித்தி குடும்பம் இருக்கு. அங்கயும் பொந்துலதான் ஒண்டிக்கிடுதாக. போகத்தான் செய்வேன், அத்தை."

"போ. ஆனா முழுசாக் கத்துக்கிட்டுப் போ. அரைகுறையாத் தோண்டுனா, 'யாருகிட்டப் பழகுன'ன்னு என் பேரத்தான் கேப்பாக."

மறுநாள் மழை விட்ட இடைவெளியில் இருவரும் புது வளை தொடங்கினார்கள். பேச்சி செய்த முதல் மண்மூடி தடித்துப்போய், கரும்பாயி முட்டியபோது மூக்கில் இரத்தம் வந்தது. அடுத்தது மெலிந்துபோய், மேலே ஓணான் ஓடியதற்கே பொத்துக்கொண்டது. கரும்பாயி வாய் வலிக்கத் திட்டினாள். வாய் ஏற்கெனவே வலித்ததால், அன்று சுருக்கமாகத் திட்டினாள். அதற்கடுத்த மூடி ஒரே முட்டில் உதிர்ந்து, குளிர்ந்த வெளிச்சம் உள்ளே விழுந்தது. பேச்சியின் தம்பிகள் அந்த வழியாக ஏறி, முன்வாசலால் இறங்கி, மறுபடி ஏறி, மூடியை முழுக்க நாசமாக்கினார்கள். இன்னொன்று செய்ய வேண்டியதாயிற்று.

அந்த மழையில் கரும்பாயியின் வாடிக்கையாளர் ஒருவரும் நனையவில்லை. இரண்டு பேர் முழு வேலை தெரிந்தவர்களாக இருந்ததால், இரண்டு இடத்தில் வேலை நடந்தது. கண்திறப்பு என்ற சடங்கு ஒழிந்தது. கேட்டவர்களிடம், "அது நல்லபடியா முடிஞ்சுபோச்சு" என்றாள் கரும்பாயி.

கோடை வந்தது; பழகும் காலம் முடிந்தது. பேச்சி மேல்கரைக்குப் போய்த் தனியாகத் தொழில் தொடங்கினாள். கரும்பாயி அம்பலத்திடம் போய் இன்னொரு பழகுநரைக் கேட்டாள். முன்பு அனுபவத்தோடு வரச்சொல்லித் திருப்பி அனுப்பிய வயல் எலிப் பையனையே கேட்டு வாங்கிக்கொண்டாள். குறுகலான வேலை வந்தால் பேச்சியிடம் அனுப்பினாள். பெரிய குடும்ப வளை வந்தால் பேச்சி இவளிடம் அனுப்பினாள். முன்பெல்லாம் மேல்கரையிலிருந்து யார் அழைத்தாலும், தொலைவு என்று மறுத்துக்கொண்டிருந்தவள் கரும்பாயி. இப்போது அந்த வேலையும் தவறவில்லை.

ஒரு நாள் மேல்கரை முயல் ஒன்று வந்து, சற்றுக் குறைபட்டுக்கொண்டது. "உங்க பேரக் கேள்விப்பட்டுத்தான் சொல்லிவிட்டேன். நீங்க வராம அந்தச் சின்னப் புள்ளைய விட்டுட்டீகளே, அக்கா. உங்க கை பட்டிருந்தா மனசுக்கு ஒரு நிம்மதி."

"வளை எப்படி இருக்கு?"

"அதுல ஒரு குறையும் இல்ல."

"பின்வாசல்?"

"ஒரே முட்டுல உடையுது."

"அப்ப என் கை பட்டிருக்கு. போய் நிம்மதியாத் தூங்கு" என்றாள் கரும்பாயி.

தொழிலைப் பாதி கற்றுக்கொடுப்பவர் தாமும் பழகுநரும் மாட்டிக்கொள்ளும் வளையைத் தோண்டுகிறார். முழுதும் கற்றுக்கொடுப்பவரோ இளையவருக்கு ஒரு வாழ்வையும் தமக்கு இன்னொரு கையையும் தேடிக்கொள்கிறார்.